புத்தளக் கரையில் நீரின் எல்லை

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்கு மேற்கே, ஆராச்சிக்கட்டுக்கு அண்மையில், சில குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருப்பதை நேயர்களிற் பலர் கண்டிருக்கக்கூடும். ஆனைவிழுந்தான் குளங்கள் என்பது அவற்றின் பெயர். மேற்குளத்தில் நிறைந்த நீர் வயலுக்குப் பாய்ந்து, வயலிற் கழிந்த நீர் அடுத்த குளத்தைச் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் வயலுக்குப் போய், ஈற்றில் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயின் பக்கமாகக் கண்டற்காட்டை அடைகின்றது. மேலேயுள்ளவன் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கீழேயுள்ளவன் வயல் காயும். அவன் மதகை அடைத்துவிட்டால் கண்டலுக்கும் களப்பு மீனுக்கும் நன்னீர் கிட்டாது. இத்தகைய நிலத்தில் வேளாண்மைக் கொள்கை என்பது தனித்தனி வயலைப்பற்றிய கொள்கையாக இருத்தல் இயலாது. அது நீரைப்பற்றிய கொள்கையாகவே இருந்தாக வேண்டும்.

பண்டைய வழக்கங்கள் இதனை அறிந்திருந்தன. உலர்வலயக் குளங்களின் மேற்புறத்தே மரவரிசை ஒன்றை வெட்டாது விட்டனர். அது காற்றின் வேகத்தைத் தணித்து, நீர் ஆவியாகிப் போவதைக் குறைத்தது. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே ஈரநிலம் ஒன்றைப் பயிரிடாது விட்டனர். அங்கு வளர்ந்த புல்லும் செடியும் கசிவுநீரின் உவரை ஈர்த்துக்கொண்டன. மழை பொய்த்த ஆண்டில், குளத்தை அடுத்த வயற்பகுதியை மட்டும் எல்லாரும் பங்கிட்டு விதைத்தனர். 'பெத்ம' என்று சிங்களத்தில் வழங்கும் இம்முறையில், தன் வயல் எங்கிருந்தாலும் ஒருவனுக்கு ஒரு பங்கு கிடைக்கும். இயற்கையைப் பேணுதல் என்ற சொல்லை அம்மக்கள் ஆண்டிலர். செயல் மட்டும் இருந்தது.

1832 ஆம் ஆண்டில், கோல்புறூக் ஆணைக்குழுவின் ஆலோசனையைத் தொடர்ந்து இராசகாரியம் ஒழிந்தது. கொடிய கட்டாய ஊழியம் ஒன்று தொலைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர் கூடிக் குளக்கட்டைத் திருத்தும் கடமையும் அதனோடு சேர்ந்து போயிற்று. பல இடங்களிற் குளங்கள் தூர்ந்தன. கால் நூற்றாண்டு கழியுமுன்பே அரசு அதை உணர்ந்தது. ஆளுநர் சர் ஹென்றி வார்ட் காலத்தில் வந்த 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வயலுடையோர் ஒன்றுகூடிப் பெரும்பான்மையால் தம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீண்டும் நிலைநாட்ட வழி செய்தது. அச்சட்டம் புதிதாக எதனையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே நீரை உண்போர் ஓரிடத்தில் இருந்து பேச வேண்டும் என்றது, அவ்வளவே. 1958 ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த நெற்காணிச் சட்டமும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வாயிலாக ஏறத்தாழ அதே பாதையிற் சென்றது.

இனி உவர்நீரின் பக்கம் வருவோம். 1977 க்குப் பின் ஏற்றுமதியும் அந்நியச் செலாவணியும் நாட்டின் மந்திரச் சொற்களாயின. 1980களில் இறால் வளர்ப்புக்கு ஊக்கம் அளிக்கப்பட்டது. சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய களப்புகளின் ஓரத்தில் கண்டல் வெட்டப்பட்டுக் குட்டைகள் தோன்றின. உரிமம் பெறாது எழுந்தவையும் பல. இதிற் பேராசையை மட்டும் காண்பது நீதியாகாது; இக்கரையில் வேலையற்றிருந்த இளைஞர் பலருக்கு அது பிழைப்பாயிற்று. பிழை எங்கேயெனில், குட்டைக்குக் கணக்கு இருந்தது, கால்வாய்க்குக் கணக்கு இருக்கவில்லை. முக்களப்பையும் இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே ஒருவர் நீரை எடுத்தார். தம் குட்டைக் கழிவை அதே கால்வாயில் விட்டார். அடுத்தவர் அதனை எடுத்தார். மேற்குளத்தோனும் கீழ்க்குளத்தோனும் கொண்ட உறவே இதுவும். ஆனால் இங்கே கூட்டமும் இல்லை, வழக்கமும் இல்லை. 1993 இல், 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குச் சூழல் ஆய்வு வேண்டும் என்று விதித்தார்கள். நூறு சிறு குட்டைகள் சேர்ந்து செய்வதை அவ்விதி எப்படி அளக்கும்? 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது. நீர் சென்ற வழியெல்லாம் நோயும் சென்றது. இறால் மடிந்த குட்டைகள் பல கைவிடப்பட்டன; அந்நிலத்தில் நெல்லும் விளையாது, வெட்டிய கண்டலும் தானே மீளாது.

அதன்பின் எடுத்த நடவடிக்கைகளுள் நான் மிகுதியும் மதிப்பது பயிர்க்கால அட்டவணையையே. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை, வளர்ப்போரின் சங்கங்களோடு சேர்ந்து கரையை வலயங்களாக வகுத்து, எந்த வலயம் எந்த மாதங்களிற் குஞ்சு இடலாம் என்று குறிக்கின்றது. எல்லாரும் ஒரே காலத்தில் நீரெடுத்து ஒரே காலத்திற் கழிவு விடுவது இதனாற் குறைகின்றது. குளத்து நீருக்கு நாட்குறிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை உவர்நீருக்குக் கொண்டுவந்ததே இது.

கண்டலின் கதையும் அப்படியே. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இத்தீவிற் பல இடங்களில் நட்ட கண்டற் கன்றுகளிற் பெரும்பாலானவை பட்டுப்போயின. நீரோட்டம் பாராது நட்டமை முக்கிய காரணம். ஆனைவிழுந்தானிலோ, கைவிட்ட இறாற்குட்டைகளின் வரம்புகளைத் திறந்து, ஏற்றவற்றம் மீண்டும் உள்ளே வர வழி செய்தனர். நீர் கொணர்ந்த வித்துகள் தாமே ஊன்றின. 1997 இல் சரணாலயமாகி, 2001 இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறிய இந்த 1,397 ஹெக்டேயர் நிலத்தில் கமக்காரர் வெளியேற்றப்படவில்லை என்பதும் கவனித்தற்குரியது. குளத்துநீரில் நெல் விளைகின்றது. அதே குளங்களுக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சி 2024 இல் ஐக்கிய நாடுகளின் சிறப்பு மதிப்பைப் பெற்றது.

கற்பிட்டிக் குடாநாட்டில் இவ்வேலை இன்னும் எஞ்சியிருக்கின்றது. அங்கே மணலின் கீழ், உவர்நீர் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீரே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் ஆதாரம், குடிப்பதும் அதனையே. அடுத்தடுத்த தோட்டத்துக் கிணறுகள் அனைத்தும் அந்த ஒரே நீரை இறைக்கின்றன. இட்ட உரம் மணலூடே இறங்கி, சில கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைக் கடந்ததை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அரசோ 1962 முதல் நாடெங்கும் உரத்துக்கு மானியம் வழங்கிற்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. நவம்பரில் அத்தடையை நீக்கிற்று. தருவதிலும் தடுப்பதிலும் கற்பிட்டி மணலைப்பற்றி எவரும் தனியே எண்ணியதாகத் தோன்றவில்லை. வெங்காயத் தோட்டக்காரர் ஆண்டுதோறும் நடுகைக்கு முன் ஒன்றுகூடி, கிணற்று நீர் ஆய்வின் பெறுபேற்றை முன்வைத்து, எத்தனை முறை இறைப்பது, எத்தனை தவணையில் உரமிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவர்களுக்குச் சட்டம் வழங்கலாம். அதற்கு வேண்டிய மாதிரி, அதே மாவட்டத்தில், ஆனைவிழுந்தான் குளக்கட்டில் இருக்கின்றது.