வன்னி நிலமும் வன்னியர் வாழ்வும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் முதற்கண் அந்நாட்டின் நிலத்தை நோக்குதல் வேண்டும். பண்டைக் கிரேக்கரை மலைகள் பிரித்தன. கடல் அவர்தம் வணிகத்தை வளர்த்தது. ஆதலின், அவர்கள் ஒரு பேரரசாக ஒன்றாது, ஏதென்ஸ், ஸ்பார்ட்டா முதலிய தனித்தனி நகரரசுகளாக வாழ்ந்தனர். ஆங்கு மலைகள் செய்த பணியை ஈழத்து வன்னியிற் காடுகள் செய்தன.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குத் தெற்கே பரந்து கிடக்கும் வன்னி உலர்வலயத்தைச் சார்ந்தது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழையே அதன் பெருஞ்செல்வம். கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு என்பன மாரியிற் பெருகிக் கோடையில் வறள்வன. ஆகவே, ஓடும் நீரை மறித்துக் குளங்கட்டினாலன்றி நெல் விளைதல் அரிது. கனகராயன்குளம், புளியங்குளம் முதலிய ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. குளக்கட்டு உடைப்பின் ஊர் முழுவதும் பசிக்கும். எனவே, கட்டைச் செப்பனிடுதலும் நீரைப் பங்கிடுதலும் ஊரவர் கூடிச் செய்யும் கடமைகளாயின.

ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு நின்றது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, மேல்பற்று, தென்னமரவடி எனப் பிரிந்த பகுதிகளை வன்னியர் ஆண்டனர். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. வன்னியரோ யானைகளைத் திறையாக அளித்தும், தம் ஆட்சியை விட்டாரல்லர். திறைக்கு வேண்டிய யானையைத் தந்த காடே படையையும் தடுத்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 124 ஆண்டுகள் கழிந்து, 1782இலேயே வன்னியை அடக்க இயன்றது.

ஆயினும், காத்த காடே பிரிக்கவுஞ் செய்தது. பற்றுகள் அனைத்தையும் ஒருங்கு திரட்டவல்ல ஓர் அரசு எழவில்லை. கரையோரக் கோட்டைகளும் கடல்வழியும் பிறர் கையில் இருந்தன. 1803 ஆகஸ்ட் மாதத்திற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைக்கொண்டான். ஆங்கிலேயர் மீண்டும் படை திரட்டி வந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திற் கற்சிலைமடுவில் அவன் தோல்வியுற்றான்.

பின்னர்க் குளங்கள் பல தூர்ந்தன; மலேரியாவும் மக்களை வருத்தியது. 20ஆம் நூற்றாண்டிலே கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக்குளம் கட்டப்பட்டது. பண்டைய வவுனிக்குளமும் புதுக்கப்பட்டது. முன்னர் ஒரு குளம் ஓர் ஊரைப் புரந்தது. இப்பெருங்குளங்கள் பல ஊர்களை ஒரே நீரால் இணைத்தன. காடு பிரித்ததை நீர் சேர்க்கும். நிலம் வாய்ப்பை அளிக்கும். அதனை வாழ்வாக்குவது மாந்தர்தம் ஒற்றுமையே என்பது வன்னி வரலாறு புகட்டும் பாடமாகும்.