வீட்டுக்கு 'பெரிவிங்கிள் ப்ளூ' பெயின்ட் அடிக்கப் போறீங்களா? டின் வாங்கும் முன் இதைப் படிங்க!

கடையில் ஷேட் கார்டுல பார்த்தப்போ நீலம்... சுவர்ல அடிச்சதும் ஊதா! பெரிவிங்கிள் ப்ளூவில் இந்தக் குழப்பம் சகஜம். ஏன்?

அது என்ன நிறம்?

நீலத்தில் லேசாக ஊதா கலந்த வெளிர் நிறம். 'வின்கா' என்ற ஐரோப்பியக் கொடியின் பூவிலிருந்து வந்த பெயர். நம்ம ஊர் நித்திய கல்யாணியையும் ஆங்கிலத்தில் பெரிவிங்கிள்னுதான் சொல்வாங்க. ஆனா அது பெரும்பாலும் ரோஸ் அல்லது வெள்ளை. 2022-ம் ஆண்டின் நிறமாக பான்டோன் நிறுவனம் அறிவித்த 'வெரி பெரி'யும் இதே வகைதான்.

ஏன் மாறித் தெரியுது?

நீலத்தோடு சிவப்புச் சாயலும் இருப்பதால், விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும். பகல் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாகத் தெரியும். மாலை வெயிலிலும் மஞ்சள் பல்பிலும் ஊதாவாகவோ, மங்கலாகவோ தெரியலாம்.

என்ன செய்யலாம்?

* சின்ன டின் வாங்கி, பெரிய வெள்ளை அட்டையில் 2 கோட் அடிங்க.
* காய்ந்ததும் அதே சுவரில் சாய்த்து வச்சு காலை, மாலை, இரவு லைட்டில் பாருங்க.
* சின்ன அறைன்னா ஒரு சுவருக்கு மட்டும் இந்த நிறம், மத்ததுக்கு வெள்ளை போதும்.
* ஷேட் நம்பரைக் குறிச்சு வைங்க. பின்னாடி டச்-அப் பண்ண உதவும்.

மெஷின்ல கலந்த பெயின்ட்டைப் பொதுவா கடைகள்ல திரும்ப எடுக்க மாட்டாங்க. அதனால ஒரு நாள் பொறுத்துப் பார்த்துட்டு ஆர்டர் கொடுங்க!