தோட்டப் பள்ளியும் பட்டணப் பள்ளியும்



பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பது நல்லதா என்று கேட்கும் பெற்றோர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். கட்டணம் கட்டிப் படிக்க வைத்தால் பிள்ளை முன்னுக்கு வந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். இதற்கு விடை தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டிமார் படித்த பள்ளிக்கூடங்களின் கதையே விடை சொல்லும். ஏனென்றால், அவர்களில் மிகப் பலர் படித்தது தனியார் பள்ளியில்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை நாம் அந்தப் பெயரால் அழைப்பதில்லை, அவ்வளவே வேறுபாடு.

முதலில் பட்டணத்துப் பள்ளிகளைப் பார்ப்போம். 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. அதைச் சார்ந்து ஒரு தமிழ் வகுப்பும் நடைபெற்றது. அந்த வகுப்பு நீண்டகாலம் நிலைக்கவில்லை என்றாலும், இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதையே குறிப்பிடுகிறார்கள். பின்னர் 1852-இல் பினாங்கில் செயிண்ட் சேவியர் பள்ளியும் கான்வென்ட் பள்ளியும், 1899-இல் கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் கான்வென்ட்டும், 1904-இல் செயிண்ட் ஜான் பள்ளியும் எழுந்தன. இவற்றை நடத்தியவர்கள் கிறிஸ்துவத் துறவியர். 1893-இல் கோலாலம்பூரில் உருவான விக்டோரியா கல்விக்கூடத்துக்குத் துணை நின்ற செல்வர்களில் தம்புசாமிப் பிள்ளை அவர்களும் ஒருவர். இப்பள்ளிகள் அரசாங்க மானியம் பெற்றதும் உண்டு. ஆயினும் அவற்றைத் தோற்றுவித்தது தனியார் முயற்சி.

அங்கே படித்த பிள்ளைக்குக் கிடைத்த நன்மை என்ன? ஆட்சி நடத்தியவர்களின் மொழியான ஆங்கிலம் கிடைத்தது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படிப்புக்கு ஒரு முடிவிடம் இருந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறிய பையனுக்கு இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலை காத்திருந்தது. பள்ளியை நடத்தியவர்களும், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும், வேலை கொடுத்த அரசாங்கமும் ஒரே திசையில் பார்த்தார்கள். பிள்ளை மேலே போக வேண்டும் என்பதே அந்தத் திசை.

ஆனால், அந்தக் கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறந்திருந்ததா? 1930-ஆம் ஆண்டுக்குச் சற்று முன்பு, ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. அவ்வாண்டில் ரப்பர் விலை வீழ்ந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. அந்தக் கூலியில் மாதாமாதம் கட்டணம் கட்டி, பட்டணம் போய்வரச் செலவும் செய்வது எப்படி இயலும்? அப்பள்ளிகளின் பயன் பட்டணத்து வாசலோடு நின்றுபோயிற்று.

தோட்டத்துப் பிள்ளைக்கு என்று ஏற்பட்டது வேறு வகைத் தனியார் பள்ளி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு விதியைக் கொண்டு வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில், தோட்ட நிர்வாகமே பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்பது அவ்விதி. நிலம் தோட்டத்தாருடையது, கொட்டகையும் தோட்டத்தாருடையது. ஆசிரியரை அமர்த்தியவர்களும் அவர்களே. உரிமையைப் பார்த்தால் இதுவும் தனியார் பள்ளிதானே? கட்டணம் இல்லை, லயத்திலிருந்து நடந்து போகும் தூரம், கற்பிப்பது தாய்மொழியில். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால், நடைமுறை என்ன? பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் ஒரே கொட்டகையில் வைத்துப் பாடம் சொன்னார். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்த இடங்களும் உண்டு. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் தாய்க்குத் துணையாகப் பிள்ளையும் பால்மரத்துக்குப் போனால், அன்று வகுப்பில் ஓர் இடம் காலி. அப்படியே தொடர்ந்து படித்தாலும், தொடக்க வகுப்புகளைத் தாண்டி ஏறப் படிக்கட்டு இல்லை.

இதற்குக் காரணம் தேடினால் ஓர் உண்மை புலப்படும். தோட்ட நிர்வாகத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. ஆனால், பிள்ளை தோட்டத்தை விட்டுப் போவது வேண்டியிருக்கவில்லை. பள்ளி இருந்தால் குடும்பங்கள் தோட்டத்தில் தங்கும். தங்கினால் நாளைய தொழிலாளியும் அங்கேயே வளர்வான். பள்ளியின் சொந்தக்காரருடைய நோக்கம் எங்கே நின்றதோ, அங்கேயே பிள்ளையின் படிப்பும் நின்றது. அந்தக் குறைகளுக்கிடையிலும் நம் எழுத்தையும் மொழியையும் காத்துத் தந்தவர்கள் அந்தத் தோட்டத்து வாத்தியார்கள் என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது மக்களே நடத்திய பள்ளி. சிங்கப்பூரில் 1946-இல், கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் மக்களின் அமைப்பு, உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960-இல் அது தமிழ் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. சொந்தப் பிள்ளைகள் மேலே போக வேண்டும் என்று நினைத்தவர்கள் நடத்திய பள்ளி அது. நோக்கத்தில் குறையே இல்லை. ஆனால், ஆங்கிலத்தில் படித்தவருக்கே வேலையும் மேற்படிப்பும் என்று காலம் மாறியபோது மாணவர் தொகை குறைந்தது. 1982-இல் அப்பள்ளி மூடப்பட்டது. நல்ல நோக்கம் மட்டும் போதாது, படித்து முடித்தபின் அடுத்த படி ஒன்று இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மலாயா விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் இங்கு 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தோட்டங்களில் இருந்தவை. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், அரசாங்க உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளாகத் தமிழ்ப் பள்ளிகள் தொடர்ந்தன. 1962 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அதே சட்டத்துக்குப் பிறகு, மானியத்தைத் துறந்த சீன இடைநிலைப் பள்ளிகள் சுயேச்சைப் பள்ளிகளாகி, தம் சமூகத்தின் நன்கொடையால் நிலைத்தன. நம்மவர்க்கோ அப்படிக் காப்பாற்ற இடைநிலைப் பள்ளிகள் இருக்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, வேறு மொழியில் படிப்பைத் தொடர வேண்டியதாயிற்று. அந்த ஓராண்டிலேயே மனம் தளர்ந்து நின்றுவிட்ட பிள்ளைகளை நம் குடும்பங்கள் அறியும்.

அந்த இடைவெளியை நிரப்பத் தனியார் முயற்சி மறுபடியும் வந்தது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா அவர்கள் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளை அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கும். வார இறுதியில் அங்கு வந்து பாடங்களை உறுதிப்படுத்திக்கொள்ளும். பள்ளியை விட்டு விலகாமலேயே, கூடுதல் பாடமும் ஊக்கமும் பெறும் வழி இது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? தனியார் பள்ளி என்ற பெயர்ப்பலகை எந்தப் பிள்ளைக்கும் நன்மை செய்ததில்லை. நன்மை செய்தவை மூன்று. பிள்ளையின் முன்னேற்றத்தை விரும்பிய நிர்வாகம் ஒன்று. பயிற்சி பெற்ற, தன் வகுப்பை மட்டும் கவனிக்க நேரமுள்ள ஆசிரியர் இரண்டு. படிப்பு முடிந்ததும் ஏறக்கூடிய அடுத்த படி மூன்று.

ஆகவே, பணம் கட்டுமுன் இந்த மூன்றையும் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்களா? ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறார்களா? பிள்ளை எந்தத் தேர்வு எழுதும்? இன்று சில தனியார் பள்ளிகள் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி எஸ்.பி.எம். தேர்வுக்கு அனுப்புகின்றன; அனைத்துலகப் பள்ளிகள் பலவும் வெளிநாட்டுத் தேர்வுக்கு அனுப்புகின்றன. அரசாங்க வேலைக்கு எஸ்.பி.எம். மலாய்மொழித் தேர்ச்சி கேட்கப்படுகிறது. இதை முதலிலேயே அறிந்துகொள்ளாவிட்டால், பல ஆண்டு கட்டிய பணம் பிள்ளையை மூடிய கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். இன்னொன்றும் உண்டு. முதலாண்டுக் கட்டணத்தை எப்படியும் கட்டிவிடலாம். கடைசி ஆண்டுவரை கட்ட முடியுமா? பாதியில் நின்ற படிப்பால் வரும் சேதம், தொடக்கத்திலேயே அரசாங்கப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதால் வருவதில்லை.

கட்டணம் கட்ட இயலாத பெற்றோர் மனம் கலங்க வேண்டாம். இதே மூன்று கேள்விகளை இலவசப் பள்ளியிலும் கேட்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வேலை முடிந்த களைப்போடாவது போய் உட்காருங்கள். பிள்ளை ஒருநாளும் வகுப்புத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்நாளில் தோட்டப் பள்ளியின் போக்கைத் தீர்மானித்தது தோட்ட நிர்வாகம். இன்று கேள்வி கேட்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது. அந்த உரிமைக்குக் கட்டணம் கிடையாது.