குழந்தைக்குப் பின்னும் லெக்வார்மர்

கணுக்காலிலிருந்து முழங்கால் வரையிலோ தொடை வரையிலோ காலை மூடுகிற, பாதம் இல்லாத பின்னல் உறை லெக்வார்மர். இரு முனையும் திறந்த குழாய் வடிவம். குழந்தைக்குப் பரிசாகக் கொடுப்பவர்கள் அதில் பெயரையோ முதலெழுத்தையோ சேர்த்துப் பின்னுவதுண்டு. ஊசிப்பின்னல் பழகத் தொடங்குபவர்களுக்கு இது ஏற்ற வேலை. காலுறையில் குதிகாலைத் திருப்புவதும் ஸ்வெட்டரில் கை இணைப்பதும் கடினம். இங்கே அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

இது குளிர்நாட்டுப் பொருள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த கரிசல் பூமியில் மார்கழிப் பனியிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே குழந்தையின் காலுக்கு வரும் பரிசு என்றால் கொலுசும் தண்டையும்தான். அதிலும் தாய்மாமன் கொண்டுவருவதே முதலில் ஏறும். ஆகவே இந்த ஊர்களில் பின்னப்படும் லெக்வார்மர் பெரும்பாலும் வெளியூர் போகும் பொருளாகவே இருக்க முடியும். ஊட்டியிலோ பெங்களூரிலோ டொராண்டோவிலோ வளரும் பேரப்பிள்ளைக்குப் போகும். உள்ளூரில் ரயிலின் ஏ.சி. பெட்டியில் இரவுப் பயணம் போகும் பிள்ளைக்கும், சிமென்ட் தரையில் முட்டி தேயத் தவழும் பிள்ளைக்கும் உதவும். டயப்பர் மாற்றும்போது கழற்ற வேண்டாம் என்பது தாய்மார் சொல்லும் வசதி. கொசுவுக்குத் தடுப்பு என்று நம்பிப் போட வேண்டாம். பின்னலின் துளை வழியே கொசு தாராளமாகக் கடிக்கும்.

வரலாறு

குழந்தையின் காலுக்கு வண்ண நூலில் உறை செய்வது மிகப் பழைய வேலை. எகிப்தின் ஆன்டினோபொலிஸ் நகரத்துக் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு குழந்தையின் இடதுகால் உறை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழமையானது. பெருவிரலுக்குத் தனி அறை விட்டு, பட்டை பட்டையாகப் பல நிறங்களில் செய்திருக்கிறார்கள். அத்தனை நிறமும் சிவப்பு, நீலம், மஞ்சள் தரும் மூன்றே செடிச்சாயங்களைக் கலந்து பெற்றவை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அது ஒற்றை ஊசியால் முடிந்த வேலை. இரண்டு ஊசியில் கண்ணி கோத்துப் பின்னும் இன்றைய முறை பல நூற்றாண்டு கழித்து வந்தது. அதன் பழைய சான்றுகளும் எகிப்திலிருந்தே கிடைத்தன. அவற்றில் பல, அவுரி நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் பின்னியவை. பின்னல் என்றாலே உல்லன்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

லெக்வார்மரை உலகறியச் செய்தவர்கள் மேற்கத்திய நடனக்காரர்கள். பயிற்சியின்போது தசை குளிர்ந்து பிடித்துக்கொள்ளாமல் இருக்க அணிந்தார்கள். 1980இல் ‘ஃபேம்’, 1983இல் ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ படங்கள் வந்தபின் அது தெருவுக்கு வந்தது. குழந்தைகளுக்கு வந்தது அதற்கும் பிறகு.

தமிழ்நாட்டின் தென்கோடியில் நூல்வேலையைப் பெண்களுக்குப் பள்ளிப் பாடமாக்கியவர்கள் மிஷனரி மனைவிகள். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து, அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். திருப்பூரில் 1920களில் பனியன் மெஷின் வந்தபின் தமிழில் பின்னலாடை என்றால் ஆலைச்சரக்கு என்றே ஆனது. கைவேலை வீட்டுக்குள் ஒதுங்கியது. அது மறையவில்லை என்பதற்கு ஒரு சான்று: சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குழுவைச் சேர்ந்த பெண்கள் 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைச் சேர்த்துக் கின்னஸ் பதிவு பெற்றார்கள். குரோஷாவில் ஒரே கொக்கி ஊசி. லெக்வார்மரை அதிலும் போடலாம், ஆனால் இழுபடும் தன்மை குறையும்.

நூல்

இந்த வட்டாரத்து ஆடு கம்பளிக்கு உதவாது. வேம்பூர் ஆட்டுக்கும் கீழக்கரிசல் ஆட்டுக்கும் உடம்பில் இருப்பது முடி, வளர்ப்பது கறிக்கு. கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டின் கம்பளி முரடு, குழந்தைத் தோலுக்கு ஆகாது. தமிழ்நாட்டில் ஆடைக்கேற்ற மென்கம்பளி தருவது நீலகிரி ஆடு ஒன்றே. உதகை அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காத்து வளர்க்கிறார்கள். கடையில் ‘உல்லன்’ என்று விற்கும் உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அது மலிவு, சாயம் போகாது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கரிசல் வெயிலில் அதை மாட்டினால் ஒரே நாளில் வேர்க்குரு.

ஆகவே இங்கே பின்னுகிறவர்கள் பருத்தியைத்தான் எடுக்க வேண்டும். மண்ணும் அதற்கே வாய்த்தது. கருங்கண்ணிப் பருத்தி இந்தக் கரிசலின் பயிர். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அதன் ரகங்களை மேம்படுத்தியது. கருங்கண்ணி குட்டை இழை. மெல்லிய சேலைக்குச் சேராது, தடித்த பின்னல் நூலுக்குச் சேரும். அருப்புக்கோட்டையில் தறியும் உண்டு, நூற்பாலையும் உண்டு. விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். நாடு முழுவதற்கும் அறிவித்த ஏழில் அது ஒன்று. பஞ்சிலிருந்து ஆடை வரை ஒரே வளாகத்தில் என்பது திட்டம். கைப்பின்னலுக்கு இத்தனை பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. நாலு இழை சேர்த்து முறுக்கிய வெள்ளை நூல் ஐம்பது அறுபது கிராம் இருந்தால் ஒரு ஜோடி முடியும்.

அளவும் பின்னலும்

முதலில் கெண்டைக்காலின் சுற்றளவு, பிறகு கணுக்காலிலிருந்து முட்டி வரை நீளம். குழந்தை வெளியூரில் இருந்தால் தாயிடம் ஒரு நூலால் அளக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். வயதை வைத்துக் கணக்கிடுவது வீண். பத்து சென்டிமீட்டருக்கு 24 கண்ணியும் 32 வரிசையும் வருகிற நூல் என்று கொள்வோம். கெண்டை 20 செ.மீ. என்றால் 18 செ.மீ. சுற்றுக்குப் பின்னினால் போதும்; இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். அதற்கு 44 கண்ணி. இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (மறுகண்ணி) என்று மாற்றி மாற்றி, இழுபடும் ரிப் போட நான்கால் வகுபட வேண்டும், 44 வகுபடும். கணுக்காலில் நாலு செ.மீ. ரிப், நடுவில் வெறும் நிட், மேலே மறுபடி ரிப். பருத்திக்குக் கம்பளியின் மீள்தன்மை கிடையாது. ஆகவே மேல் ரிப்பைச் சற்று நீளமாகப் போடுவது நல்லது. நழுவுகிறதே என்று எலாஸ்டிக் கோக்கக் கூடாது. பிஞ்சுக் காலில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். முட்டிக்கு மேல் ஏற வேண்டுமானால் தொடையையும் அளந்து கண்ணி கூட்ட வேண்டும்.

பெயர் பொறித்தல்

ஒரு கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் சதுரமாக எழுதிய எழுத்து பின்னலில் சப்பையாகிவிடும். மேலே சொன்ன நூலில் ஆறு கண்ணி அகலத்துக்கு எட்டு வரிசை உயரம் கொடுத்தால்தான் எழுத்து இரண்டரை செ.மீ. சதுரத்தில் நிற்கும். ட, ப, ம, ய போன்ற கோட்டெழுத்துகள் அந்த இடத்துக்குள் அடங்கும். ஐ, ண, ழ அடங்காது; அவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கண்ணியாவது வேண்டும்.

இரண்டு நிறத்தைச் சேர்த்தே பின்னினால் உள்பக்கம் நூல் தொங்கும், குழந்தையின் விரல் அதில் மாட்டும். தளர்ந்த நூல் கால்விரலில் சுற்றி இறுகினால் விரல் வீங்கி மருத்துவமனைக்கே போக நேரும். ஒரே நிறத்தில் பின்னி முடித்துவிட்டு, மழுங்கிய ஊசியில் வேறு நிற நூல் கோத்து, கண்ணியின் தடத்திலேயே எழுத்தைத் தைப்பது பாதுகாப்பானது. பிழையானால் பிரிக்கவும் எளிது.

பெயரை இரண்டாகப் பிரித்து வலக்காலில் ‘ம’, இடக்காலில் ‘தி’ என்று போடும் ஆசை பலருக்கு வரும். குழந்தை எதிரே நிற்கும்போது அதன் வலக்கால் பார்ப்பவரின் இடப்பக்கம் என்பதால் மதி என்று சரியாகவே வாசிக்க வரும். ஆனால் இந்த உறைக்கு இடம் வலம் இல்லை. அவசரத்தில் மாற்றி மாட்டினால் பிள்ளை திம என்று திரியும். முழுப்பெயரையும் இரண்டிலும் தைத்துவிடுவதே உத்தமம். மூன்று வயதுக்குள் பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம், வாய்க்குப் போகும்.

கொலுசுக்கு மேல் போட்டால் கண்ணி இழுபடும். நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் பின்னலின் எதிரிகள். வாசலில் இறங்கும்போது கழற்றிவிட வேண்டும். கொடுக்கும் முன் தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும் வரை அலசி, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பருத்தி நீண்டுவிடும். பரிசுப் பொட்டலத்தில் அதே நூலில் இரண்டு மூன்று மீட்டர் சுற்றி வைத்துக் கொடுங்கள். முட்டிதான் முதலில் கிழியும், அதைத் தைக்க உதவும். இன்னொரு சாயத்தொட்டியில் தோய்த்த நூலின் நிறம் சேராது.