பழைய இசைத்தட்டுகள் கூறும் வரலாறு

வரலாற்றுக்குச் சான்றுகள் யாவை என்று வகுப்பில் வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என மாணவர்கள் வரிசையாகக் கூறுவர். அவ்வரிசையில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது இசைத்தட்டு. கல்வெட்டு அரசனது ஆணையைக் கூறும். ஆனால் அவன் குரல் எத்தகையது என்று கூறாது. குரலையே பதிந்து மீண்டும் கேட்கும் பேறு மனித இனத்துக்கு வாய்த்தது, 1877-ஆம் ஆண்டில் எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்த பின்னரேயாகும். பத்து ஆண்டுகள் கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் என்பார் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறைக்கு உரிமை பெற்றார். அன்று தொடங்கியது இசைத்தட்டின் வரலாறு.

இச்சான்றுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றுள் மிகச் சிறந்தவை சில, அவற்றை வெளியிட்ட நிறுவனங்களிடமோ அரசாங்கக் காப்பகங்களிடமோ தங்கவில்லை. மக்கள் வேண்டாமென்று கழித்த பொருள்களுக்கிடையே கிடந்து, தேடிச் சென்றவர் கைகளால் மீட்கப்பட்டன. அம்மீட்பின் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

மேலை நாட்டு ஊர்களில் தருமக் கடைகள் என்பன உண்டு. பொதுமக்கள் தமக்குத் தேவையற்ற ஆடை, பாத்திரம், நூல், இசைத்தட்டு முதலியவற்றை அங்கே இலவசமாகக் கொடுப்பர். கடையினர் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை அறப்பணிக்குச் செலவிடுவர். இரட்சணிய சேனையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டன் மாநகரில் வீடுவீடாகப் பழம்பொருள் திரட்டத் தொடங்கினர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1902-ஆம் ஆண்டில், எட்கார் ஹெல்ம்ஸ் என்னும் பாதிரியார் ‘குட்வில்’ என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். செல்வர் வீடுகளிலிருந்து பழம்பொருள்களைச் சாக்குகளில் சேகரித்து, ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அவற்றைச் செப்பனிடச் செய்து விற்பதே அவர் கண்ட வழி. இரண்டாம் உலகப் போரின்போது கிரேக்க நாட்டில் பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு உதவ 1942-இல் ஆக்ஸ்போர்டில் அமைந்த குழுவே பின்னர் ‘ஆக்ஸ்பாம்’ என்று பெயர் பெற்றது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அவ்வூரின் பிராட் தெருவில் அதன் முதல் கடை திறக்கப்பெற்றது.

இத்தகைய கடைகளுக்கு இசைத்தட்டுகள் வந்து சேரும் வழிகள் இரண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் மறைந்ததும், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்து அவர் ஆயுட்காலம் முழுவதும் சேர்த்த தட்டுகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவது ஒரு வழி. புதிய கருவி வந்ததும் பழையதைக் கழிப்பது மற்றொரு வழி. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. அதுவரை ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களே பாடிய 78 சுழற்சித் தட்டுகள் அதன்பின் சுமையாகத் தோன்றின. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது, அதே கதி வினைல் தட்டுக்கும் நேர்ந்தது. ஒரு தலைமுறையின் செல்வம் அடுத்த தலைமுறைக்குச் சுமையாயிற்று.

78 சுழற்சித் தட்டு எதனால் செய்யப்பட்டது என்பதை இங்கே கருத வேண்டும். அதன் கூறுகளைப் பிணைக்கும் பொருள் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அந்நாளில் உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து, சிறப்பாகச் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து சென்றது. நியூயார்க்கில் ஒருவர் தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்து ஒரு பாட்டைக் கேட்டார் என்றால், அதற்குப் பின்னே நம் நாட்டுக் காட்டில் அரக்குத் திரட்டிய ஓர் ஏழையின் உழைப்பும் இருந்தது.

இனி அமெரிக்காவில் நடந்ததைக் காண்போம். 1920-இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் ‘புளூஸ்’ இசைத்தட்டு ஒன்று மிகுதியாக விற்பனையாயிற்று. ஏழை மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்பதை வணிகர் அப்போதுதான் உணர்ந்தனர். உடனே தென் மாநிலங்களுக்குக் கருவிகளோடு ஆள்களை அனுப்பி, பருத்தி வயல் உழவரையும், சுரங்கத் தொழிலாளரையும், தெருவில் பாடும் கண்ணற்றவரையும் பாடவைத்துப் பதிவு செய்தனர். கறுப்பர் பாட்டுக்கு ஒரு வரிசை, வெள்ளை உழவர் பாட்டுக்கு வேறொரு வரிசை என்று பட்டியலைப் பிரித்தும் வைத்தனர். அவர்களது நோக்கம் வணிகமே. ஆயினும், எழுத்தறியாத மக்களின் கலை இவ்வாறு தற்செயலாகப் பதிவாயிற்று.

அந்நிலை நீடிக்கவில்லை. 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் இத்தொழிலை ஏறக்குறைய அழித்தேவிட்டது. 1927-இல் பத்துக் கோடியளவில் இருந்த தட்டு விற்பனை, 1932-இல் சுமார் 60 லட்சமாகச் சுருங்கிற்று என்பர். பின்னர்ப் போர் வந்தது. இந்தியாவிலிருந்து அரக்கு ஏற்றிவரும் கடல்வழி ஆபத்துக்குள்ளாயிற்று. 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்குப் பயன்படும் அரக்கை எழுபது விழுக்காடு குறைக்க ஆணையிட்டது. புதிய தட்டு வேண்டுவோர் பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. ஊர்தோறும் பழைய தட்டுகளைத் திரட்டி, அரைத்து, உருக்கினர். எத்தனை குரல்கள் அவ்வாறு பொடியாயின என்று எவராலும் கணக்கிட இயலாது.

அக்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் ஹாரி ஸ்மித் என்னும் இளைஞர் ஒருவர் இருந்தார். 1923-இல் பிறந்த இவர், 1940-ஆம் ஆண்டளவில் பழைய இசைத்தட்டுகளைத் தேடத் தொடங்கினார். பழம்பொருள் கடைகளிலும், உருக்குவதற்கெனக் குவித்திருந்த கிடங்குகளிலும் புகுந்து ஆயிரக்கணக்கான தட்டுகளைச் சில்லறைக் காசுக்கு வாங்கினார். பின்னர் நியூயார்க் சென்று, வறுமையின் காரணமாக அவற்றை விற்க முயன்றபோது, ‘போக்வேஸ்’ நிறுவனத்தை நடத்திய மோசஸ் ஆஷ் என்பவர், “இவற்றுள் சிறந்தவற்றைத் தெரிந்து ஒரு தொகுப்பாக அமைத்துத் தரலாகாதா?” என்ற கருத்தை முன்வைத்தார். அதன் பயனாக 1952-இல் ‘அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பு’ வெளிவந்தது. 1926 முதல் 1933 வரை வெளியான எண்பத்து நான்கு பாட்டுகளை ஆறு நெடுந்தட்டுகளில் அது அடக்கியிருந்தது.

அத்தொகுப்பில் ஸ்மித் செய்த ஒரு செயல் நம் கருத்துக்குரியது. கதைப்பாட்டு, சமூக இசை, பாடல்கள் என்று மூவகையாகப் பிரித்தாரேயன்றி, பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று அவர் குறிக்கவில்லை. வணிகர் எழுப்பிய சுவரை ஒரு பழம்பொருள் தேடுநர் ஓசையின்றி நீக்கிவிட்டார். அமெரிக்கப் பள்ளிகளில் இன ஒதுக்கலைச் சட்டம் விலக்கியது 1954-இல் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பெருமை விளங்கும். பாப் டிலன் முதலிய அடுத்த தலைமுறைப் பாடகர் பலர் இத்தொகுப்பைத் தம் பாடநூலாகக் கொண்டனர். 1991-இல், தம் வாழ்வின் இறுதி ஆண்டில், ஸ்மித்துக்குக் கிராமி அமைப்பின் சிறப்பு விருது அளிக்கப்பெற்றது.

இத்தொகுப்பில் இடம்பெற்றவருள் ஒருவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928-இல் சில பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு ஊர் திரும்பிய இவரைப் பற்றி, அதன்பின் இசையுலகம் ஒன்றும் அறியாது. இறந்துவிட்டார் என்றே பலரும் கருதினர். அவருடைய பழைய பாட்டு ஒன்றில் ‘அவலான்’ என்னும் ஊர்ப்பெயர் வருகிறது. அதைத் துணையாகக் கொண்டு, பழைய நிலப்படம் ஒன்றில் அவ்வூரைக் கண்டறிந்து, 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றார். எழுபது வயது கடந்த ஹர்ட் அங்கே பண்ணையில் கூலிவேலை செய்து வந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவர் பாடினார். 1966-இல் அவர் மறையும் வரையுள்ள மூன்றாண்டுகள் அவருக்குப் புகழைத் தந்தன. பழைய தட்டு ஒன்று உயிரோடிருந்த மனிதர் ஒருவரை உலகுக்கு மீட்டுத் தந்தது.

எல்லாக் கதைகளும் இவ்வாறு நன்றாக முடிவதில்லை. ‘பாராமவுண்ட்’ என்னும் இசைத்தட்டு நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலித் தொழிற்சாலை ஒன்றின் கிளையாக இருந்தது. கிராமபோன் பெட்டி செய்து விற்றவர்கள், பெட்டி விற்கவேண்டித் தட்டும் வெளியிட்டனர். 1932-இல் பதிவு நின்றது. மூல உலோக அச்சுகள் பழைய உலோகமாகப் போயின. ஆகவே அந்நிறுவனத்தின் பாட்டுகளுக்கு இன்று ஆதாரம், மக்கள் கையில் எஞ்சிய தட்டுகளேயாகும். வில்லி பிரவுன் என்னும் கலைஞர் 1930-இல் பாடிய தட்டு ஒன்றின் ஒரு படிகூட இன்றுவரை கிடைக்கவில்லை. அதே ஆண்டு சன் ஹவுஸ் பாடிய மற்றொரு தட்டும் அவ்வாறே காணாமற் போயிருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு படி அகப்பட்டு, 2006-இல் மறுபதிப்பாயிற்று. ஆதலால் முன்னதும் எங்கேனும் ஒரு பழம்பெட்டியில் கிடக்கக்கூடும் என்று தேடுவோர் இன்னும் நம்பிக்கை கொண்டிருக்கின்றனர்.

நம் நாட்டோடு தொடர்புடைய தேடல் ஒன்றும் உண்டு. 1977-இல் அமெரிக்கா வாயேஜர் என்னும் இரு விண்கலங்களை ஏவியபோது, மனித குலத்தின் இசையைப் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டில் பதித்து அவற்றில் வைத்தது. இந்திய இசைக்குச் சான்றாகக் கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி ஒன்றைப் பரிந்துரைத்தவர் ராபர்ட் பிரவுன். இவர் நம் மிருதங்கத்தைப் பயின்று, அதைப் பற்றியே ஆராய்ந்த அறிஞர். ஆனால் அத்தட்டு அப்போது அச்சில் இல்லை. குழுவைச் சேர்ந்த ஆன் டிரூயன் அம்மையார் பல இடங்களில் தேடியபின், நியூயார்க்கில் இந்தியக் குடும்பம் ஒன்று நடத்திய மின்சாதனக் கடையில், மேசையடியில் தூசி படிந்த அட்டைப்பெட்டியில், பிரிக்கப்படாத மூன்று படிகளைக் கண்டெடுத்தார். அதே பொன்தட்டில், 1945-இல் வறுமையில் மாண்ட பிளைண்ட் வில்லி ஜான்சனின் 1927-ஆம் ஆண்டுப் பதிவும் சேர்ந்தது. இன்று அவ்விரு குரல்களும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் சென்றுகொண்டிருக்கின்றன.

வினைல் தட்டுக்கு இக்காலத்தில் மீண்டும் மதிப்பு உயர்ந்துள்ளது. 2020-இல் அமெரிக்காவில் வினைல் விற்பனை வருவாய் குறுந்தகட்டு வருவாயை மிஞ்சிற்று. 1986-க்குப் பின் அதுவே முதன்முறை. ஆகவே தருமக் கடைகளிலும் அரிய தட்டுகளைத் தனியே பிரித்து, தக்க விலை வைப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் அறப்பணிக்குப் பணம் மிகுதியாகச் சேர்கிறது, அது நன்றே. ஆயினும் விலையுயர்ந்த தட்டே சிறந்த சான்று என்று எண்ணிவிடலாகாது. எவரும் விலை கேளாத தட்டில்தான் எவரும் அறியாத செய்தி இருக்கக்கூடும்.

மாணவர்கள் பழைய தட்டு ஒன்றைக் கண்டால் எவ்வாறு அணுக வேண்டும்? முதலில் நடுவிலுள்ள சீட்டைப் படித்துப் பாடியவர், நிறுவனம், வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சீட்டை ஒட்டி வெறுமையாகத் தோன்றும் வளையத்தில் பொறித்துள்ள எண்ணையும் பார்க்க வேண்டும். பதிவின் காலத்தை அறிய அது துணைபுரியும். உறையில் முன்னாள் உரிமையாளர் தம் பெயரோ நாளோ எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், அதுவும் வரலாறே. தட்டு கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த நீர்மத்தால் துடைத்தால் அரக்குக் கரைந்துவிடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். வினைல் தட்டு எளிதில் உடையாது; ஆனால் வெயிலில் வளைந்துவிடும். இரண்டையுமே படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைப்பதே முறை.

நம் தமிழகத்தில் தருமக் கடைகள் பெருகவில்லை. பழம்பொருளுக்குப் புகழ்பெற்றிருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கு இரையாயிற்று. நம் வீட்டுத் தட்டுகள் பழைய காகிதக் கடைக்கே செல்கின்றன. நாடக மேடையில் புகழ்க்கொடி நாட்டிய எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் திரைப்படத்தில் நடிக்கவில்லை. தமிழ் மக்களைக் கட்டியாண்ட அக்குரல் நமக்குக் கிடைத்திருப்பது இசைத்தட்டுகளின் வாயிலாக மட்டுமே. அவற்றைப் பேணியவர் அரசர் அல்லர். பெயர் தெரியாத எத்தனையோ வீட்டினர்.

ஒரு சமுதாயம் எதைப் போற்றுகிறது என்பதை அதன் அரும்பொருட்காட்சியகம் காட்டும். எதை மறந்துவிட்டது என்பதை அதன் பழம்பொருள் கடையே காட்டும். வரலாறு பயில்வோர் இரண்டு வாயில்களிலும் நுழைந்து பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலோ பாட்டனார் பெட்டியிலோ பழைய தட்டு ஏதேனும் இருப்பின், அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை எடுத்து, சீட்டிலுள்ள பெயரைப் படித்துப் பாருங்கள்.