கடற்கொள்ளையர்: வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது



போன வாரம் பேரன் பள்ளி மாறுவேடப் போட்டிக்காக ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டி, அட்டைக் கத்தியோடு வந்து நின்றான். "தாத்தா, நான் கடற்கொள்ளைக்காரன்!" கடலே எட்டிப் பார்க்காத நம் படவேட்டுப் பிள்ளைக்கும் அந்த வேடம் தெரிந்திருக்கிறது. சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, கரும்பலகையில் நானும் இதே உருவத்தைத்தானே வரைந்து காட்டினேன்! அதைத் திருத்தவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டை ஓடு போட்ட கறுப்புக் கொடி உண்மை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளையர் சிலர் அதைப் பறக்கவிட்டார்கள். புதையல் வரைபடம், தோளில் கிளி, ஒற்றைக்கால் எல்லாம் 1883இல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்' கதையால் பரவியவை. கண்ணில் கட்டிய துணிக்கு உருப்படியான சான்று இல்லை. கொள்ளைப் பொருளைப் புதைத்தவர்களும் அபூர்வம்.

அப்படிப் புதைத்த ஒருவர் வில்லியம் கிட். கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிக்க இங்கிலாந்து அரசர் உரிமம் கொடுத்து அனுப்பிய ஆள் அவர். 1698 ஜனவரியில் கொச்சிக்கு அருகே 'குவேடா மர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தார். அதில் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்ததால் தான் செய்தது சட்டப்படி சரி என்று வாதாடினார். விசாரணையின்போது அந்தச் சீட்டு அவர் கைக்கு வரவில்லை. 1701இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, அரசாங்க ஆவணங்களுக்குள்ளேயே அந்தச் சீட்டு கிடைத்தது.

இதே சீட்டு விவகாரம் நம் கடலில் அதற்கும் முன்பே உண்டு. போர்த்துகீசியர் இங்கு வந்ததும், தங்களிடம் 'கார்ட்டஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் மிளகு வணிகம் செய்தவன் நேற்று வந்தவனிடம் சீட்டு வாங்க வேண்டும்! மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலை 1502இல் வாஸ்கோடகாமா கொள்ளையடித்து, பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானோரோடு கொளுத்தினார். அவரை நான் 'கடல்வழி கண்டுபிடித்தவர்' என்று மட்டுமே சொல்லிக் கொடுத்தேன். உங்களில் பலர் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறீர்கள்.

அவர்களை எதிர்த்தவர்கள் கோழிக்கோடு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்சாலி மரைக்காயர்கள். நால்வர் அடுத்தடுத்து அந்தப் பட்டத்தில் இருந்தார்கள். சிறிய, வேகமான படகுகளில் வந்து பெரிய கப்பல்களைத் தாக்கிவிட்டு ஓடைகளுக்குள் மறைந்துவிடுவார்கள். போர்த்துகீசிய ஏடுகளில் அவர்களுக்குப் பெயர் கடற்கொள்ளையர்.

2021இல் வந்த மோகன்லால் படத்தைப் பார்த்துவிட்டு அப்பழுக்கற்ற வீரர் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். குஞ்சாலிகள் வணிகக் கப்பல்களையும் கொள்ளையடித்தார்கள். நான்காம் குஞ்சாலி சொந்த மன்னரையே மதிக்காமல் நடந்தார். கடைசியில் சாமூதிரி போர்த்துகீசியரோடு கைகோத்துக் கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்ற வாக்குறுதியை நம்பி 1600இல் குஞ்சாலி சரணடைந்தார். போர்த்துகீசியர் அவரை இழுத்துக்கொண்டு போய்க் கோவாவில் தலையை வெட்டினார்கள். அந்தத் தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பிக் காட்சிக்கு வைத்தார்கள். இன்று மும்பையில் நம் கடற்படைத் தளம் ஒன்றுக்கு 'ஐஎன்எஸ் குஞ்சாலி' என்று பெயர்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்களேன். படவேட்டை ஆண்ட சம்புவராயரை 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணன் வென்ற கதையைப் பாடுவது 'மதுரா விஜயம்'. எழுதியவர் கங்காதேவி, கம்பணனின் மனைவி. வென்ற வீட்டிலிருந்து வந்த கதையைத்தான் நாம் படிக்கிறோம்.

பேரனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் குஞ்சாலி வேடம் போடுகிறேன் என்கிறான். அவர் என்ன உடுத்தியிருப்பார் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? வடகரைக்கு அருகே இரிங்ஙலில் குஞ்சாலிக்கு ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கோழிக்கோடு பக்கம் வேலையில் இருக்கும் மாணவர்கள் யாராவது போனால், படம் எடுத்து அனுப்புங்கள் கண்ணுகளா.