ஊர் மேலே, ஸ்டேஷன் கீழே: இத்தாலியின் மலையூர்களைப் பார்க்க எங்கே தங்குவது?

இத்தாலி போறேன்னு சொல்ற நண்பர்கள்ல பாதிப் பேர் என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணு: "மலை உச்சியில இருக்கிற அந்தப் பழைய ஊர்களையெல்லாம் பார்க்கணும். ஒரே இடத்துல ரூம் போட்டுட்டு, தினம் ஒரு ஊருக்குப் போய்ட்டு வரணும். எங்க தங்கலாம்? ட்ரெயினா, காரா?"

பயணக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் கொசு, நீராவி எஞ்சின், ஒரு போப் போட்ட உப்பு வரி, 1964-ல் வந்த ஒரு விவசாயச் சட்டம், இவை எல்லாம் சேர்ந்து இதற்கான பதிலை எப்போதோ தீர்மானித்துவிட்டன. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நான் எங்கே ரூம் போடுவேன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன அதிர்ச்சி. ஃப்ளாரன்ஸிலிருந்து ரோம் போகும் பாதையில் கோர்த்தோனா என்று ஒரு அழகான ஊர். டிக்கெட் எடுக்கிறீர்கள், 'கமூச்சா-கோர்த்தோனா' என்று போர்டு போட்ட ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள். சுற்றிப் பார்த்தால் சமவெளி, கடைகள், கார் பார்க்கிங். கோர்த்தோனா எங்கே? தலையைத் தூக்கிப் பாருங்க. மலைச்சரிவில் தெரியுது. கையில் பெட்டி. மேலே போக பஸ் பிடிக்கணும். அசிசியிலும் இதே கதைதான். புனித பிரான்சிஸின் ஊர் மேலே, ஸ்டேஷன் கீழே சில கிலோமீட்டர் தள்ளி. மோன்டெபுல்ச்சானோ இன்னும் மோசம். அந்தப் பெயரில் இருக்கும் ஸ்டேஷன், ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரம்.

ஏன் இப்படி? இதில் இரண்டு கேள்விகள் இருக்கு. ஊர் ஏன் மேலே போனது? ரயில் ஏன் கீழேயே நின்றது?

ஊர் மேலே போனதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், எதிரிகள். அது உண்மைதான். ரோமுக்கு முன்னாலேயே எட்ரஸ்கன் மக்கள் உச்சிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கோர்த்தோனா, பெருஜா, வோல்ட்டெரா, ஓர்வியேட்டோ எல்லாம் அவர்கள் குடியிருந்த இடங்கள். பிறகு 10, 11-ம் நூற்றாண்டுகளில் இன்னொரு அலை. சிதறிக் கிடந்த கிராமத்து மக்கள் சுவர் எழுப்பிய குன்றுகளில் ஒன்றாகக் குடியேறினார்கள். இதற்கு வரலாற்றாசிரியர்கள் 'இன்காஸ்டெல்லமெந்தோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குள் போவது என்று புரிந்துகொள்ளலாம். பயந்து ஓடியவர்கள் மட்டும் இல்லை. நிலப்பிரபுக்கள் ஆட்களை ஒரே இடத்தில் கூட்டி வைத்து, நிலத்தையும் உழைப்பையும் தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த கதையும் இதில் இருக்கிறது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பியேர் தூபேர் 1973-ல் ரோமைச் சுற்றியுள்ள பகுதியைப் பற்றி எழுதிய பெரிய ஆய்வு இதைத்தான் பேசுகிறது.

இன்னொரு காரணம் கொசு. 'மலேரியா' இத்தாலியச் சொல். 'மால ஆரியா' என்றால் கெட்ட காற்று. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் காற்றுதான் ஆளைக் கொல்கிறது என்று நினைத்தார்கள். காரணம் தப்பு, ஆனால் முடிவு சரி: மேலே போனால் பிழைக்கலாம். கொசுதான் காரணம் என்பதை 1897-ல் ரொனால்ட் ராஸ் நம்ம செகந்திராபாத்தில் நுண்ணோக்கியில் பார்த்தார். அடுத்த ஆண்டே இத்தாலியில் ஜொவான்னி பத்திஸ்தா கிராஸ்ஸி, மனிதனுக்கு மலேரியாவைக் கொண்டுவருவது அனாஃபிலிஸ் கொசு என்று நிறுவினார். யாருக்கு முதல் மரியாதை என்று இரண்டு பேரும் போட்ட சண்டை தனி எபிசோடுக்குத் தாங்கும்.

கோர்த்தோனாவுக்குக் கீழே விரிந்து கிடப்பது கியானா பள்ளத்தாக்கு. இன்று பச்சைப்பசேல் என்ற வயல்வெளி. அன்று பெரிய சதுப்பு. கோடையில் அங்கே நோயாளிகள் குவிவதை தாந்தே தன் நரகக் காவியத்தில் உவமையாகவே பயன்படுத்துகிறார். லியனார்டோ டாவின்சி 1500-களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வரைந்த வரைபடம் இன்றும் இருக்கிறது. நடுவே நீளமாக ஒரு நீர்ப்பரப்பு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் டஸ்கனியை ஆண்ட கோமகன், விட்டோரியோ ஃபொஸ்ஸொம்ப்ரோனி என்ற பொறியாளரிடம் இதைச் சரிசெய்யும் வேலையைக் கொடுத்தார். அவர் செய்தது புத்திசாலித்தனமான காரியம். ஆறுகள் கொண்டுவரும் வண்டலைச் சதுப்பில் படியவிட்டு, நிலத்தை மெல்ல மெல்ல உயர்த்தினார். பத்திருபது வருடத்தில் முடிகிற வேலை இல்லை இது, தலைமுறைகளின் வேலை.

இப்போது ரயில். நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், பிடிமானம் குறைவு. அதனால் தண்டவாளம் ஆற்றங்கரையோடு போகும். 1866-ல் ஃப்ளாரன்ஸிலிருந்து பெருஜா வழியாக ரோமுக்கு ரயில் போனது. 1875-ல் கியானா பள்ளத்தாக்கு, கியூசி, ஓர்வியேட்டோ வழியாகக் குறுக்குப் பாதை முடிந்தது. ஒரு காலத்தில் மனிதர்கள் தப்பித்து ஓடிய அதே தாழ்நிலத்தில்தான் இப்போது நாட்டின் முக்கியப் பாதை. மேலே போனவர்கள் மேலேயே மாட்டிக்கொண்டார்கள்.

என் கணக்கில் ஒரு ஊர் தங்குவதற்கு ஏற்றதா என்பதை ஒரே விஷயம் தீர்மானிக்கும்: இந்தக் கீழ்-மேல் இடைவெளியை அந்த ஊர் எப்படி அடைத்தது?

சியெனா முந்திக்கொண்ட ஊர். 1849-லேயே எம்போலி வரை ரயில் போட்டார்கள்; குன்றைக் குடைந்து ஒன்றரை கிலோமீட்டர் சுரங்கம். 1860-களின் தொடக்கத்தில் அந்தப் பாதை கியூசி வரை நீண்டது. ரோமுக்கான பிரதான வழி நாங்கதான்னு நினைத்திருப்பார்கள். 1875-ல் அந்தக் கனவு முடிந்தது. இன்றும் சியெனா கிளைப்பாதையில்தான் இருக்கிறது. ஃப்ளாரன்ஸிலிருந்து போக ரயிலைவிட பஸ் பல நேரம் வசதி, ஏன்னா பஸ் ஊரின் விளிம்பிலேயே இறக்கிவிடும். சியெனாவை நான் குறை சொல்லவில்லை. இரண்டு இரவு கட்டாயம் தங்குங்க. ஆனால் அங்கிருந்து நாலு திசைக்கும் ரயிலில் போய்வரலாம் என்று நினைக்காதீங்க.

வோல்ட்டெரா முயற்சி செய்து தோற்ற ஊர். கீழே இருக்கும் உப்பு ஆலை ஊரான சலீனேவிலிருந்து மேலே ஏற 1912-ல் பல்சக்கர ரயில் வந்தது. 1958-ல் மூடிவிட்டார்கள். இப்போது பஸ் அல்லது கார்.

சான் ஜிமிஞானோவுக்கு ரயில் வரவே இல்லை. ரோமுக்கு நடந்துபோன யாத்ரீகர்களின் பாதையில் இருந்த பணக்கார ஊர் அது. சுமார் 70 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். 1348-ல் கொள்ளைநோய், சில ஆண்டுகளில் ஃப்ளாரன்ஸின் ஆட்சி, வியாபாரம் படுத்துவிட்டது. பழைய கோபுரங்களை இடித்துப் புதுசாகக் கட்டக் காசு இல்லை. அதனால்தான் 14 கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. நாம் போட்டோ எடுக்கிற அழகு, அவர்களுடைய வறுமையின் மிச்சம். போஜ்ஜிபோன்சி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் போகலாம், ஆனால் நடுப்பகலில் தெருவில் நடக்க இடம் இருக்காது.

பெருஜாவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1540-ல் போப் மூன்றாம் பால் உப்பு விலையை ஏற்றினார். பெருஜா எதிர்த்தது, தோற்றது. தண்டனையாக, ஊரை ஆட்டிப்படைத்த பாலியோனி குடும்பத்தின் குடியிருப்புப் பகுதி மேலேயே போப் ஒரு கோட்டையைக் கட்டினார். வீடுகளும் தெருக்களும் அப்படியே அஸ்திவாரமாகப் புதைந்தன. வடிவமைத்தவர் அந்தோனியோ தா சங்கால்லோ. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார். 1860-ல் போப்பின் ஆட்சி போனதும் மக்கள் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அடியில் புதைந்த தெருக்கள் மட்டும் தப்பின. 1983-ல் அவற்றின் வழியாக எஸ்கலேட்டர் போட்டார்கள். இன்று ஆபீஸ் போகிறவர்கள் போப் புதைத்த தெரு வழியாக ஏறிப் போகிறார்கள். 2008-லிருந்து ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மேலே போக குட்டி மெட்ரோவும் இருக்கிறது. இந்த ஊர் ரொட்டியில் உப்பு இல்லாததற்கு அந்த உப்பு வரிதான் காரணம் என்று கைடுகள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போப் ஆளாத ஃப்ளாரன்ஸிலும் ரொட்டியில் உப்பு கிடையாதே!

சரி, கார் எடுத்தால்? இங்கே வேறொரு வரலாறு. டஸ்கனியின் படங்களில் சைப்ரஸ் மரம் வரிசையாக நிற்கும், நடுவே தனியாக ஒரு கல்வீடு. அது பெரும்பாலும் ஒரு குத்தகை விவசாயியின் வீடு. 'மெட்சத்ரியா' என்ற முறை: நிலம் முதலாளிக்கு, உழைப்பு குடும்பத்துக்கு, விளைச்சல் பாதிப்பாதி. கீழ்த்தளத்தில் மாடுகள், மேலே மனிதர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பினார்கள். 1964-ல் புதிதாக இப்படி ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடை செய்தது. அதே வருடம்தான் மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை நெடுஞ்சாலையும் முழுதாகத் திறந்தது. வீடுகள் காலியாகின. 1985-ல் பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க ஒரு சட்டம் வந்தது. நீங்கள் ஆன்லைனில் பார்க்கும் 'அக்ரிதூரிஸ்மோ' எல்லாம் அந்த வழியில் வந்தவை. நீச்சல்குளத்தோடு இருக்கும் அந்த அழகான கீழ்த்தள ரூம், மாட்டுத்தொழுவமாக இருந்திருக்கலாம்.

அதனால் கார் எடுத்தால் ஊருக்குள் தங்காதீங்க. பியென்சா, மோன்டெபுல்ச்சானோ பக்கம், சியெனாவுக்குத் தெற்கே, ஒரு பண்ணை வீட்டில் தங்குங்க. அங்கே ரயில் உதவாது, கார்தான் வழி. சுவர் சூழ்ந்த ஊர்களுக்குள் காரை விடவே கூடாது. சியெனா 1960-களிலேயே ஊரின் மையத்தைக் கார்களுக்கு மூடிவிட்டது. மற்ற ஊர்கள் பின்னால் வந்தன. 'இசட்.டி.எல்.' என்ற போர்டு, வெள்ளையில் சிவப்பு வட்டம். தாண்டினால் கேமரா படம் பிடிக்கும், மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வரும். சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்க. கிளம்பும் முன் இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கணும், அதையும் மறக்காதீங்க.

ட்ரெயின் என்றால் நிறைய பேர் ஃப்ளாரன்ஸிலேயே தங்கி எல்லா இடத்துக்கும் பகலில் போய் வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலை 11 மணிக்கு வந்து மாலை 4 மணிக்குக் கிளம்புகிற கூட்டத்தில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள். அந்தக் கூட்டத்தை நம்பி ஓடும் ஊரில் ஐஸ்கிரீம் கடை இருக்கும், மளிகைக் கடை இருக்காது. இரவு தங்குகிறவர்கள் இருந்தால்தான் சாயங்காலம் ஒரு கடை திறந்திருக்கும்.

வடக்கே என்றால் அரெட்சோ நல்ல தேர்வு. பிரதான பாதையில் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து நடந்தே மேலே ஏறலாம், பியேரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் சுவரோவியங்கள் இருக்கின்றன, கோர்த்தோனா பக்கத்தில்.

ஆனால் நான் ரூம் போடுவது ஓர்வியேட்டோவில். செங்குத்தான எரிமலைப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். கி.மு. 264-ல் ரோமானியர்கள் அழித்த எட்ரஸ்கன் நகரம் இதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1888-ல் இங்கே ஸ்டேஷனிலிருந்து மேலே கயிற்று ரயில் போட்டார்கள். முதலில் அது தண்ணீரில் ஓடியது: மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால், அது எடையோடு இறங்கும்போது கீழே இருப்பதை இழுத்து ஏற்றும். 1970-ல் நின்றுபோனது. அதற்கிடையில் பாறையே சரிய ஆரம்பித்தது. 1978-ல் ஓர்வியேட்டோவையும் தோதியையும் காப்பாற்றத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1990-ல் கயிற்று ரயில் திரும்ப வந்தது, இந்த முறை மின்சாரத்தில். இன்று ரயிலை விட்டு இறங்கி, எதிரே போய் ஏறினால் சில நிமிடங்களில் மேலே.

ஏறியதும் பக்கத்திலேயே புனித பாட்ரிசியோ கிணறு. 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளெமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச் சொன்னார். கட்டியவர் நம்ம சங்கால்லோ! 53 மீட்டர் ஆழம், ஒன்றோடொன்று சேராத இரண்டு சுழல் பாதைகள். ஒன்றில் கோவேறு கழுதை இறங்கும், இன்னொன்றில் தண்ணீரோடு ஏறும், நடுவழியில் முட்டிக்கொள்ளாது. 248 படி. வேலை முடிவதற்குள் கிளெமெண்ட் இறந்துவிட்டார்.

ஒரு விஷயம். 1977-லிருந்து 1992-க்குள் ஃப்ளாரன்ஸ்-ரோம் அதிவேகப் பாதை கட்டம் கட்டமாகத் திறந்தது. ஃப்ரெச்சாரோசா போன்ற வேக வண்டிகள் ஓர்வியேட்டோவைத் தாண்டிப் பறந்துவிடும். உங்களுக்கு வேண்டியது ரீஜனல் வண்டி, இல்லையென்றால் இன்டர்சிட்டி. ரோமிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கியூசி, கோர்த்தோனா, அரெட்சோ எல்லாம் அதே பாதையில். சீவிதா தி பாஞ்ஞோரேஜியோவுக்கு பஸ் இருக்கு. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்த ஊர் அது. பாறை இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. நடைபாலம் மட்டும்தான் வழி. நிரந்தரமாக வசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளே போக 2013-லிருந்து கட்டணம்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை போகத் திட்டம் போடாதீங்க. மலையூர்களில் ஞாயிறு பஸ் ரொம்பக் குறைவு, சில வழித்தடங்களில் இருக்கவே இருக்காது. கயிற்று ரயிலின் கடைசி நேரத்தையும் பார்த்து வச்சுக்கோங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.